பங்களாவுக்குள் பாய்ந்த கேமரா

இரவு நேர மாநகரம். வானளாவிய கட்டடம் ஒன்றின் மணிக்கூண்டில் படம் தொடங்குகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைக் கேமரா அங்கிருந்து கீழே தள்ளிவிடுகிறது. மாடி மாடியாக, ஜன்னல் ஜன்னலாகச் சுவரை ஒட்டியே இறங்கித் தெருவில் பாயும் வண்டிகளுக்கு நடுவே போய் நிற்கிறோம். வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. டிரோனும் கணினி வரைகலையும் பழகிப்போன இன்றைய கண்ணுக்கே இப்படி என்றால், இந்தப் படம் வெளியான 1930 நவம்பரில் அரங்கில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? படத்தின் பெயர் 'தி பேட் விஸ்பர்ஸ்'. ரோலண்ட் வெஸ்ட் இயக்கியது, ஜோசப் ஷென்க் தயாரித்தது, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. ஹாலிவுட் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்களில்கூடப் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் தெரிந்தவர்களும் 'பேட்மேனுக்கு முன்னோடியாமே' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கதை ரகம் நமக்குப் புதிதல்ல. ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் பெரிய பங்களா. வெளியே இடி, மின்னல். உள்ளே சொத்துக்காரப் பெண்மணி, பயந்தாங்கொள்ளி வேலைக்காரி, காதலனை மறைத்துவைக்கும் இளம்பெண், நம்ப முடியாத டாக்டர், முகம் கொடுத்துப் பேசாத காவலாளி, துப்பறிய வந்தவர்கள். நடுவே ஒரு பிணம். விளக்கு அணைகிறது, கதவு தானாகத் திறக்கிறது, சுவரில் நிழல் ஆடுகிறது. கடைசியில் பேய் எதுவும் இல்லை, எல்லாம் மனிதன் செய்த வேலை என்று தெரிகிறது. 1920களின் அமெரிக்க நாடக மேடையில் இந்த ரகம் சக்கைப்போடு போட்டது. அதில் முதல் பெரிய வெற்றி, மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டும் ஏவரி ஹாப்வுட்டும் எழுதிய 'தி பேட்'. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் தொடங்கி 867 முறை மேடையேறியது. ரைன்ஹார்ட் 1908இல் புத்தகமாக வெளியிட்ட 'தி சர்க்குலர் ஸ்டேர்கேஸ்' நாவல்தான் அதன் மூலம். 1903 பங்குச் சந்தைச் சரிவில் குடும்பச் சேமிப்பு கரைந்துபோனதால் பேனாவைக் கையில் எடுத்தவர் அவர். அவருடைய பங்களாவில் பேயை விடப் பணம் அதிகமாக நடமாடுவதில் வியப்பில்லை.

இந்தப் படத்தை யாரும் பெரிதாகப் பேசாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிது: பழைய நாடகத்தின் தழுவல், பேசும்படத்தின் தொடக்கக் காலத் தள்ளாட்டம், அதனால் காலாவதியாகிவிட்டது. இதை ஏற்க முடியாது. 'தி பேட் விஸ்பர்ஸ்' மறக்கப்பட்டதற்கும் அதன் தரத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அது எந்தப் படச்சுருளில் எடுக்கப்பட்டதோ அந்தச் சுருளை ஓட்ட அமெரிக்காவில் போதிய புரொஜெக்டர்கள் இல்லை என்பதே முதன்மைக் காரணம். படம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டதால் அதன் சாட்சியமும் மறைந்துவிட்டது. 'ஒலி வந்தது, கேமரா முடங்கியது' என்று அரை உண்மையாக ஒரு வரலாறு எழுதப்பட்டபோது எழுந்து நின்று மறுத்திருக்க வேண்டிய படங்களில் இது ஒன்று.

அந்த வரலாறு சொல்வதை முதலில் நியாயமாகக் கேட்போம். மௌனப்படத்தின் கடைசி ஆண்டுகளில் கேமரா பறவைபோல் சுதந்திரமாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த முர்னாவ் 1927இல் 'சன்ரைஸ்' படத்தில் அதைச் சதுப்பு நிலத்துக்குள் நடக்கவிட்டார். அதே ஆண்டு பால் லெனி 'தி கேட் அண்ட் தி கேனரி'யில் பேய் பங்களாவின் நீண்ட நடைக்கூடத்தில் அதை மிதக்கவிட்டார். பிறகு மைக் வந்தது. கேமரா ஓடும் இரைச்சல் வசனத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும் என்பதால், கேமராவையும் அதை இயக்குபவரையும் ஒலி புகாத கூண்டுக்குள் பூட்டினார்கள். உள்ளே வெந்து வியர்த்த ஒளிப்பதிவாளர் ஒரு கண்ணாடிச் சட்டம் வழியே படம் பிடித்தார். நடிகர்கள் மைக் ஒளித்துவைக்கப்பட்ட பூச்சாடியைச் சுற்றி நின்று பேசினார்கள். 1928, 29இல் வந்த பல படங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். இதில் பொய் எதுவும் இல்லை. இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தது, எவ்வளவு சீக்கிரம் அவிழ்ந்தது என்பதில்தான் வரலாறு கைநழுவவிடுகிறது.

வெஸ்ட் அதை எப்படி அவிழ்த்தார் என்பதைப் படமே காட்டுகிறது. தொடக்கக் காட்சி முடிந்ததும், தன் நகையைத் திருடப்போவதாகப் 'பேட்' (வௌவால்) என்ற திருடன் முன்கூட்டியே அறிவித்திருக்கும் பணக்காரர் ஒருவரின் அறைக்குப் போகிறோம். சுற்றிலும் போலீஸ். ஆனால் ஆபத்து ஜன்னல் வழியாக, மேலேயிருந்து வருகிறது. சற்று முன் கேமரா எந்தச் சுவரை ஒட்டி நம்மை இறக்கியதோ, அதேபோன்ற சுவரில் இப்போது திருடன் இறங்குகிறான். அவன் போகும் வழியை நம் உடம்பு முன்னதாகவே ஒத்திகை பார்த்துவிட்டது. பிறகு ஊர் மாறுகிறது. ஓக்டேல் என்ற சிற்றூரின் வங்கிக்கு வந்து சேரும் பேட், தனக்கு முன்பே வேறொருவன் அங்கே கைவரிசை காட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். அங்கிருந்து கதை ஃபிளெமிங் பங்களாவுக்குப் போகிறது. இங்கேதான் படத்தின் புகழ்பெற்ற பாய்ச்சல். தொலைவில் பங்களா. புல்வெளியின் மேல் வெறிகொண்டதுபோல் சீறிக்கொண்டு போகும் கேமரா, சுவரை நெருங்கியும் நிற்காமல் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. யார் பார்வை இது? திருடனுடையதா, இன்னும் பெயர் தெரியாத வேறொருவனுடையதா? படம் சொல்வதில்லை. பேயே இல்லாத கதையில் பேயின் இடத்தை ஒரு லென்ஸ் எடுத்துக்கொள்கிறது.

இதைச் சாதிக்க வெஸ்டின் குழு செய்த வேலை சாதாரணமானதல்ல. கேமராவை வேகமாகத் தள்ளிச்செல்லத் தண்டவாளம்போன்ற அமைப்புகள் கட்டப்பட்டன. மணிக்கூண்டுக் கட்டடம், பங்களா, அதைச் சுற்றிய நிலம் எல்லாம் மினியேச்சர்களாகச் செய்யப்பட்டு, நிஜ அரங்க அமைப்போடு பொருத்தப்பட்டன. கலை இயக்குநர் பால் ரோ கிராலி பங்களாவின் கூடத்தையும் படிக்கட்டையும் புகைபோக்கியையும் நிழல் விழுவதற்கென்றே கட்டியதுபோல் அமைத்திருக்கிறார். நிழல் இங்கே வெறும் அலங்காரமல்ல. பெரும்பாலான நேரம் 'பேட்' நமக்கு நிழலாகத்தான் தெரிகிறான். சிறகு விரித்து ஒரு சுவர் முழுவதையும் மூடும் கறுப்பு உருவம். வெஸ்டே 1926இல் எடுத்த மௌனப் பதிப்பில் திருடனுக்கு வௌவால் முகமூடி மாட்டிவிட்டார். பார்த்தால் ஒருபக்கம் பயம், ஒருபக்கம் பொம்மைக்கடை நினைவு. நான்கு ஆண்டு கழித்து அதே கதையை மீண்டும் எடுக்கும்போது அந்த முகமூடியைக் கிட்டத்தட்டக் கழற்றிவிட்டு நிழலை நம்பினார். தன் படத்தின் குறையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய இயக்குநர்கள் சினிமாவில் அதிகம் பேர் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கேமரா பாயும் காட்சிகளில் யாருமே பேசுவதில்லையே. அவை மௌனமாக எடுக்கப்பட்டு, இடிச் சத்தமும் காற்றின் ஊளையும் பின்னால் சேர்க்கப்பட்டவை தானே. வசனக் காட்சிகளில் இந்தக் கேமராவும் மற்றவர்களுடையதைப்போல் அடங்கித்தானே இருக்கிறது. பிறகு இது எப்படிச் சாட்சியமாகும்? மறுப்பின் முதல் பாதி சரி. ஆனால் அதிலேயே பதிலும் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் கேட்கும் சத்தத்தைத்தான் திரையிலும் கேட்கவைக்க வேண்டும் என்ற நம்பிக்கைதான் கேமராவைக் கூண்டில் அடைத்தது. படத்தைத் தனியாக எடுக்கலாம், ஒலியைத் தனியாகச் சேர்க்கலாம் என்று புரிந்துகொண்ட கணத்தில் கூண்டு தேவையற்றதாகிவிடுகிறது. இன்றைய சினிமாவின் ஒலி முழுக்க இந்தப் புரிதலின் மேல்தான் நிற்கிறது. வெஸ்ட் ஒருவரே இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல வரவில்லை. ரூபன் மமூலியன் 1929இல் 'அப்ளாஸ்' படத்தில் போராடிக் கேமராவை நகர்த்தினார். பால் ஃபெயோஷ் அதே ஆண்டு 'பிராட்வே'க்காகப் பிரம்மாண்டமான கிரேன் ஒன்றையே கட்டவைத்தார். 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோனின் 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' போர்க்களப் பதுங்குகுழிகளின் மேல் பறந்தது. இவை வெஸ்டின் பெருமையைக் குறைப்பதில்லை. விதிவிலக்குகள் என்று ஒதுக்கப்பட்டவை ஒன்று சேர்ந்தால் விதியே ஆட்டம் காண்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன.

ஆனால் மற்ற மூவருக்கும் இல்லாத ஒரு பாரம் வெஸ்டுக்கு இருந்தது. அவர் படத்தை 35 மி.மீ. சுருளில் மட்டுமின்றி 65 மி.மீ. சுருளிலும் எடுத்தார். 'மேக்னிஃபிலிம்' என்று அதற்குப் பெயர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமான படச்சட்டம். நாம் சினிமாஸ்கோப் என்று அறிந்த அகலத்திரைக்கு 23 ஆண்டுகள் முந்தையது. அகலச் சுருளுக்கு ராபர்ட் பிளாங்க், வழக்கமான சுருளுக்கு ரே ஜூன் என்று இரு ஒளிப்பதிவாளர்கள் தனித்தனியாகப் பணிபுரிந்தார்கள். ஒரே காட்சியை இரண்டு விதமாக யோசித்து எடுத்த படம் இது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைப்போல் திரைமொழிக்கு வேறு பாடம் இருக்க முடியாது. கூடத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. பதிப்பில் கேமரா அவர்களை நெருங்குகிறது. முகங்கள் சட்டத்தை நிரப்புகின்றன. யார் பொய் சொல்கிறார் என்று முகத்தில் தேடுகிறோம். 65 மி.மீ. பதிப்பில் அதே மூவர் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒருபுறம் படிக்கட்டு இருளில் ஏறிப்போகிறது. இன்னொருபுறம் மூடிய கதவு. பேசுபவரைப் பார்க்க வேண்டிய கண், பேசாத அந்தக் கதவை நோக்கியே போகிறது. இயக்குநர் எதையும் சுட்டிக்காட்டவில்லை. இடத்தைத் திறந்துவைத்துவிட்டு, பயப்பட வேண்டிய மூலையை நாமே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிடுகிறார். பேய் பங்களாக் கதைக்கு அகலத்திரை ஏன் இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ராபர்ட் வைஸ் 1963இல் 'தி ஹாண்டிங்' படத்தில் அகலச் சட்டத்தின் ஓரங்களை அச்சத்தால் நிரப்பியதை வியந்து எழுதுபவர்கள், 33 ஆண்டுகள் முன்பே அந்த வாசல் திறக்கப்பட்டதைக் குறிப்பிடுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நெடுங்காலம் பார்க்கக் கிடைக்காத படத்தைப் பற்றி எப்படி எழுதுவது?

ஏன் கிடைக்கவில்லை? இங்கே கதை கலையை விட்டுக் கணக்குப் புத்தகத்துக்கு இறங்குகிறது. 1929, 30இல் ஹாலிவுட் அகலச் சுருளின் மீது பெரும் கனவு கண்டது. ஃபாக்ஸ் நிறுவனம் 'கிராண்டியர்' என்ற 70 மி.மீ. முறையைக் கொண்டுவந்தது. எம்.ஜி.எம். 'ரியலைஃப்' என்றது, வார்னர் 'விட்டாஸ்கோப்' என்றது. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை வேறு. ஒரு முறையின் சுருள் பெரும்பாலும் இன்னொன்றின் புரொஜெக்டரில் ஓடாது. அரங்க உரிமையாளர்களோ அப்போதுதான் பேசும்படத்துக்காக ஒலிபெருக்கிகளும் புதிய கருவிகளும் வாங்கிக் கடனில் மூழ்கியிருந்தார்கள். கூடவே 1929 அக்டோபர் பங்குச் சந்தை வீழ்ச்சி. இன்னொரு முறை புரொஜெக்டரை மாற்று, திரையை மாற்று என்றால் யார் கேட்பார்கள்? ஆகவே 'தி பேட் விஸ்பர்ஸ்' அகல வடிவில் மிகச் சில அரங்குகளுக்கு மட்டுமே போனது. நாட்டின் மற்ற பகுதிகள் 35 மி.மீ. பதிப்பைப் பார்த்தன. ஓரிரு ஆண்டுகளில் அகலச் சுருள் முயற்சிகள் அத்தனையும் கைவிடப்பட்டன. 1953இல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தபோது, அகலத்திரை ஏதோ அன்றுதான் பிறந்ததுபோல் விளம்பரம் செய்தார்கள்.

'சரி, 35 மி.மீ. பதிப்பு எல்லா அரங்கிலும் ஓடத்தானே செய்தது? நல்ல படமாக இருந்தால் அதை வைத்தே நினைவில் நின்றிருக்கும்' என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏனென்றால் படத்தில் குறைகள் உண்டு. நடுப்பகுதி இழுக்கிறது. மேடையில் சிரிப்பை வரவழைத்த வேலைக்காரி லிஸ்ஸியின் அலறலை மாட் எபர்ன் குறைக்காமல் கொடுக்கிறார். மூன்றாவது அலறலுக்குப் பிறகு நமக்கு அலுப்புத் தட்டுகிறது. வசனத்தைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லும் மேடைப் பழக்கம் பலரிடம் மிச்சமிருக்கிறது. ஊனா மெர்கலின் இயல்பான பேச்சு அந்தக் கூட்டத்தில் தனித்துத் தெரிகிறது. துப்பறிவாளர் ஆண்டர்சனாக வரும் செஸ்டர் மாரிஸின் இறுக்கமான முகம் நன்றாகவே நிற்கிறது. ஆனாலும் கேமரா பறக்கும் படம், கேமரா உட்கார்ந்திருக்கும் படம் என்று இரண்டு படங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டதுபோன்ற உணர்வு தவிர்க்க முடியாதது. ஆனால் இந்தக் குறைகள்தான் படத்தைப் புதைத்தன என்றால், இதே குறைகள் கொண்ட வேறு படங்கள் எப்படிப் பிழைத்தன? 1931 பிப்ரவரியில் வந்த 'டிராகுலா' பாதிக்குமேல் வரவேற்பறையில் நின்று பேசும் படம். அதன் அசைவின்மையை மன்னிக்க நமக்கு பேலா லுகோசியின் முகம் இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வெளியிட யுனிவர்சல் என்ற நிறுவனம் இருந்தது. ஒரு படம் நினைவில் நிற்க அதைக் காப்பாற்ற யாருக்காவது ஒரு காரணம் வேண்டும்.

இதே காலத்துப் பேய் பங்களாப் படங்களின் தலையெழுத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். யுனிவர்சல் 1930 நவம்பரில் 'தி கேட் அண்ட் தி கேனரி'யைப் பேசும்படமாக மாற்றி 'தி கேட் கிரீப்ஸ்' என்று வெளியிட்டது. இன்று அந்தப் படம் இல்லை. ஒலித்தட்டுகளும் சில துணுக்குகளும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஜேம்ஸ் வேல் 1932இல் எடுத்த 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' இந்த ரகத்தின் உச்சம் என்று இன்று போற்றப்படுகிறது. அதுவும் பல ஆண்டுகள் தொலைந்ததாகவே கருதப்பட்டு, இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டன் விடாமல் தேடி 1968இல் கண்டெடுத்ததால் பிழைத்தது. ஹாரிங்டனை அந்த அளவுக்குத் துரத்தியது வேலுடன் அவருக்கிருந்த நட்பு. 1930இன் இன்னொரு அகலச்சுருள் படமான 'தி பிக் டிரெயில்' வெளியானபோது தோல்வி. ஆனால் அதில் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த இளைஞன் பின்னாளில் ஜான் வெயின் ஆனதால் அதற்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. படத்தின் தரம் இந்தப் பிழைப்புகளில் எங்கே வருகிறது? கடைசியில்தான் வருகிறது, முதலில் வருவது நட்பு, நட்சத்திரம், தற்செயல்.

ரோலண்ட் வெஸ்டுக்கு இம்மூன்றும் எதிராகவே அமைந்தன. லான் சானியை வைத்து 1925இல் 'தி மான்ஸ்டர்' எடுத்தவர் அவர். 1929இல் எடுத்த 'அலிபை' சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. 1931இல் 'கோர்செய்ர்' என்ற படத்தோடு அவர் இயக்கத்தையே விட்டுவிட்டார். அதில் கதாநாயகியாக நடித்த தெல்மா டாட் பின்னர் அவருடைய தொழில் கூட்டாளியானார். கடற்கரையோரம் இருவரும் சேர்ந்து உணவகம் நடத்தினார்கள். 1935 டிசம்பரில் டாட் ஒரு கார் கொட்டகையில், காருக்குள் இறந்துகிடந்தார். கார்பன் மோனாக்சைடு நச்சுதான் காரணம் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. வதந்தி மட்டும் ஓயவில்லை. வெஸ்ட்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. ஆனாலும் அதன்பின் எழுதப்பட்ட பெரும்பாலான குறிப்புகளில் அவர் இயக்குநராக வருவதில்லை; ஒரு மர்ம மரணத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளாக வருகிறார். 1952இல் அவர் இறந்தபோது, ஹாலிவுட் அவரைப் படங்களுக்காக நினைவுகூரும் நிலையில் இல்லை. நிரூபிக்கப்படாத ஒரு பழி, நிரூபிக்கப்பட்ட ஒரு திறமையை விழுங்கிவிட்டது. இந்த அநீதியைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு சினிமா பற்றி எழுதுபவர்களுக்கு உண்டு.

ஒரு பக்கம் மட்டும் விளக்கு எரிந்தது. அது காமிக்ஸ் பக்கம். 1939இல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் பேட்மேனை அறிமுகப்படுத்திய பாப் கேன், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் 'தி பேட் விஸ்பர்ஸ்' தனக்குத் தந்த உந்துதலைக் குறிப்பிட்டார். 'தி மார்க் ஆஃப் ஜோரோ'வும் லியோனார்டோ டாவின்சியின் பறக்கும் எந்திர வரைபடமும் அவர் சொன்ன மற்ற தூண்டுதல்கள். இருளில் சிறகு விரிக்கும் நிழல், உயர்ந்த கட்டடங்கள், மேலிருந்து இறங்கும் கறுப்பு உருவம் என்று பொருத்தங்கள் கண்கூடு. ஆனால் இதை அளவோடுதான் சொல்ல வேண்டும். பேட்மேனை உருவாக்கியதில் பில் ஃபிங்கருக்குப் பெரும்பங்கு உண்டு. அதிகாரபூர்வ அங்கீகாரம் அவருக்கு 2015இல்தான் கிடைத்தது. மேலும் வௌவால் முகமூடியும், கார் விளக்கில் ஒட்டிய விட்டில்பூச்சி சுவரில் விரிக்கும் வௌவால் நிழலும் 1926 மௌனப் படத்தில் இருப்பவை. எந்தப் படத்திலிருந்து எது வந்தது என்று தராசில் நிறுத்துப் பார்ப்பது வீண்வேலை. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு படத்தை 'இன்னொன்றுக்கு விதை' என்று மட்டும் நினைவில் வைப்பது அதை மதிப்பதாகாது. பேட்மேன் பிறக்காமல் போயிருந்தாலும் அந்தப் புல்வெளிப் பாய்ச்சல் அதே அளவு மகத்தானதாகவே இருந்திருக்கும்.

கதையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கேமராவைப் புகழும் வேகத்தில் கதையை வெறும் கொக்கியாக ஒதுக்கிவிடுவது வழக்கம். ஃபிளெமிங் பங்களா ஒரு வங்கிக்காரரின் வீடு. அவருடைய வங்கியிலிருந்து பெரும் பணம் காணாமல் போகிறது. பழி ஓர் இளம் காசாளர்மீது விழுகிறது. அந்தப் பணம் இதே வீட்டின் ரகசிய அறையில் எங்கோ இருக்கிறது. பங்களாவில் நள்ளிரவில் நடமாடும் ஒவ்வொருவரும் தேடுவது அதைத்தான். ரைன்ஹார்ட் இதை எழுதியது வேறு காலத்தில். ஆனால் படம் திரைக்கு வந்த 1930 நவம்பரில் டென்னசியின் கால்டுவெல் நிறுவனம் சரிந்து பக்கத்து மாநிலங்களின் வங்கிகளையும் இழுத்துச் சென்றது. டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. போட்ட பணம் எங்கே என்று வங்கி வாசலில் நின்றவர்களுக்கு, அந்தப் பணம் ஒரு வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது என்ற கதை பழைய மேடைக் கற்பனையாக மட்டும் தோன்றியிருக்காது. அந்த வீட்டை வாடகைக்கு எடுத்த கார்னீலியா வான் கார்டர் என்ற முதிய பெண்மணி, ஆளாளுக்கு மிரட்டியும் வெளியேற மறுத்து, பின்னல் ஊசியோடு அமர்ந்து யோசித்துக்கொண்டிருப்பது இந்த ரகப் படங்களில் அபூர்வமான துணிச்சல். கிரேஸ் ஹாம்ப்டன் அவரை அலட்டாமல் நடித்திருக்கிறார்.

கொலையாளி யார் என்று இதுவரை சொல்லவில்லை. படம் முடிந்ததும் செஸ்டர் மாரிஸ் ரசிகர்களை நேராகப் பார்த்து, ரகசியத்தை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். சொன்னால் பேட் தேடி வருவான் என்ற செல்ல மிரட்டலும் உண்டு. லண்டனில் 1952 முதல் மேடையேறிவரும் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகத்தின் முடிவில் வைக்கப்படும் அதே வேண்டுகோள்தான். 'கேமராதான் படம் என்று இவ்வளவு நேரம் வாதிட்டுவிட்டு, கொலையாளியின் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? அப்படியானால் கதை முடிச்சுக்கும் மதிப்பு உண்டுதானே?' என்று யாராவது மடக்கலாம். உண்டு. இந்தப் படத்தில் ஒளி ஒவ்வொரு முகத்தின் மேலும் விழும் விதம், யார்மீது எவ்வளவு நேரம் நிழல் தங்குகிறது என்பதெல்லாம் அந்த விடையைச் சுற்றியே திட்டமிடப்பட்டிருக்கிறது. பெயரைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர் ஒளிப்பதிவின் இந்தக் கணக்கைத் தவறவிடுவார். முதல்முறை அறியாமல் பார்த்து, இரண்டாம் முறை அறிந்து பார்க்கும்போதுதான் வெஸ்டின் நுட்பம் முழுதாகப் பிடிபடும்.

அப்படிப் பார்ப்பது இப்போது சாத்தியம். பல பத்தாண்டுகள் தொலைந்ததாகக் கருதப்பட்ட அகலச் சுருள், நடிகை மேரி பிக்ஃபோர்டின் நிறுவனத்திடம் இருந்த நெகட்டிவ்களில் பிழைத்திருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் திரைப்பட ஆவணக் காப்பகம் 1980களின் இறுதியில் அதை மீட்டெடுத்தது. அகலப் பதிப்பு, அமெரிக்காவுக்கான 35 மி.மீ. பதிப்பு, வெளிநாடுகளுக்கான 35 மி.மீ. பதிப்பு என மூன்றும் இன்று நம்மிடம் உள்ளன. ஆனால் கைப்பேசித் திரையில் அகலப் பதிப்பைப் பார்த்துவிட்டு 'என்ன, ஆட்கள் சின்னதாகத் தெரிகிறார்களே' என்று சொல்வது 1930இல் புரொஜெக்டர் செய்த அதே தீங்கை மறுபடி செய்வதாகும். திரைப்படக் கல்லூரிகளும் திரைப்படச் சங்கங்களும் பேசும்படத்தின் தொடக்கத்தைக் கற்பிக்கும் வாரத்தில் இதன் இரண்டு பதிப்புகளையும் பெரிய திரையில் அடுத்தடுத்த நாள் காட்டட்டும். முதல் நாள் 35 மி.மீ., மறுநாள் 65 மி.மீ. வரிசை மாறக் கூடாது.